கார்ப்பெட் கறையும் 1,384 பவுண்டு டெபாசிட்டும்

இங்கிலாந்தில் வாடகை வீட்டைக் காலி செய்யப் போகிறீர்களா? அதுவும் ஊரிலிருந்து வந்து எடுத்த முதல் வீடா? அப்படியென்றால் சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ரெடிங்கில் மூன்று வருடம் குடியிருந்த வீட்டை 2024 இலையுதிர் காலத்தில் காலி செய்தேன். கொடுத்திருந்த டெபாசிட் 1,384 பவுண்டு. சில நாள் கழித்து ஏஜென்ட்டிடமிருந்து வந்த மெயிலில் 99 பவுண்டு திருப்பித் தருவதாக இருந்தது. மீதிக்குக் கணக்கு இப்படி: ஹாலுக்கும் நடைக்கும் புதுக் கார்ப்பெட் போட 980, வீட்டைச் சுத்தம் செய்ய 185, செக்-அவுட் கட்டணம் (காலி செய்யும்போது வீட்டைச் சோதித்துப் பார்ப்பதற்கு) 120. பல மாதம் போராடி முடிவில் 1,187 பவுண்டு திரும்ப வாங்கினேன். அந்த மாதங்களில் இதையெல்லாம் விவரமாகச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் எனக்குப் பாதித் தூக்கமாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இங்கே மருத்துவமனையில் நர்ஸ். 2021இல் மதுரையிலிருந்து வந்தேன், பின்னாலேயே கணவரும் மகளும் வந்தார்கள். முதல் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு, மாதம் 1,200 பவுண்டு வாடகை. சென்னையில் வேலை பார்த்தபோது பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துக் குடியிருந்தவர்கள் நாங்கள். இங்கே ஐந்து வார வாடகைதான் டெபாசிட் என்றதும் பரவாயில்லையே என்றிருந்தது. அது ஏஜென்ட் காட்டிய சலுகை இல்லை, சட்டம் வைத்த உச்சவரம்பு என்பது பிறகுதான் தெரிந்தது. வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டின் குடியிருப்போர் கட்டணச் சட்டம் சொல்கிறது. மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி, 52ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். உங்களிடம் வாங்கிய தொகை அதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதலை அப்போதே கேட்டு வாங்கலாம்.

இங்கே பெரும்பாலான வாடகை வீடுகளில் சுவருக்குச் சுவர் கார்ப்பெட்தான். எங்கள் வீட்டில் வெளிர் பழுப்பு நிறம். மஞ்சள் தூள் புழங்கும் வீட்டுக்கு அதைவிடப் பயமுறுத்தும் நிறம் கிடையாது. இரண்டாவது வருடம் மகள் ஹாலில் உட்கார்ந்து சாப்பிடும்போது சாம்பார் கிண்ணம் கவிழ்ந்துவிட்டது. தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுத்தேன், பாத்திரம் கழுவும் திரவத்தைக் குளிர்ந்த நீரில் கலந்து மறுபடி மறுபடி ஒற்றினேன். வார இறுதியில் சூப்பர் மார்க்கெட்டில் ரக் டாக்டர் என்ற கார்ப்பெட் கழுவும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வந்து கழுவினேன். எண்ணெய் போனது, மஞ்சள் முழுதாகப் போகவில்லை. மஞ்சள் சாயம் வெயில் பட்டால் வெளுக்கும், ஊரில் துணியில் பட்ட கறை அப்படித்தான் போகும். அந்த ஹாலில் அந்த மூலைக்கு வெயிலே வராது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை நின்றுவிட்டது. அன்றே படம் எடுத்து, நடந்ததை எழுதி ஏஜென்ட்டுக்கு மெயில் அனுப்பினேன். குறித்துக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. பிற்பாடு அந்த ஒரு வரி எனக்கு மிகவும் கைகொடுத்தது. எதையாவது சேதப்படுத்த நேர்ந்தால் அன்றைக்கே எழுத்தில் சொல்லிவிடுங்கள். சேதம் எவ்வளவு, எப்போது நடந்தது என்பதற்கு அதுவே ஆதாரமாகிவிடும். பின்னால் எவரும் அதை ஊதிப் பெரிதாக்க முடியாது.

காலி செய்த சமயத்தில் கணவர் அவருடைய அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மதுரை போயிருந்தார். நைட் ஷிப்ட், மகளின் பள்ளிக்கூடம், பெட்டி கட்டுவது எல்லாம் நான் ஒருத்திதான். அந்த நேரத்தில்தான் மெயில் வந்தது. தொகை ஒருபக்கம் இருக்கட்டும், அதில் இருந்த ஒரு வாக்கியம் என்னை உலுக்கிவிட்டது. கார்ப்பெட் முழுக்கக் கறிக் கறை, வீடு முழுக்கச் சமையல் வாசனை என்று எழுதியிருந்தார்கள். இருந்தது ஒரே ஒரு கறை. ஷிப்ட் முடிந்து வந்து இரவு இரண்டு மணிவரை முட்டி போட்டுத் தேய்த்துத் துடைத்த வீடு அது. அவமானமாக இருந்தது. நாம் சமைத்துச் சாப்பிடுவதையே குற்றம் போல எழுதுகிறார்களே என்று கோபம் வந்தது, அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. கென்ட் பக்கத்தில் ஏராளமான வீடுகள் வைத்திருந்த ஒருவர், கறி வாசனையைக் காரணம் காட்டி இந்தியர்களுக்கும் பாகிஸ்தானியர்களுக்கும் வீடு கொடுக்கக் கூடாது என்று சொல்ல, அது சட்டவிரோதம் என்று மெய்ட்ஸ்டோன் கவுண்ட்டி நீதிமன்றம் 2017 நவம்பரில் தடை விதித்தது. அதை அப்போது நான் கேள்விப்பட்டிருக்கவில்லை. கேள்விப்பட்டிருந்தால் அந்த வாக்கியத்தைப் படித்துக் கூனிக் குறுகியிருக்க மாட்டேன்.

பண நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. புது வீட்டுக்கு முதல் மாத வாடகை, டெபாசிட் இரண்டையும் முன்னாலேயே கட்டியாக வேண்டும். பழைய டெபாசிட் வந்துவிடும் என்ற கணக்கில்தான் இருந்தேன். வரவில்லை. நம் ஆட்கள் சேர்ந்து நடத்தும் சீட்டில் என் முறைக்குக் காத்திருக்காமல் தள்ளி எடுத்தேன், கழிவு மட்டும் 140 பவுண்டு. அந்தக் காசு போனது போனதுதான், எந்தத் தீர்ப்பிலும் திரும்பி வரவில்லை. வீடு மாறப் போகிறவர்கள் பழைய டெபாசிட்டை நம்பிப் புது வீட்டுக்கு நாள் குறிக்காதீர்கள். தகராறு என்று வந்தால் அது மாதக்கணக்கில் இழுக்கும்.

தெரிந்தவர்களிடம் கேட்டேன். வார்டில் என்னைவிட மூத்த தமிழ் நர்ஸ் ஒருவர், "விட்டுடும்மா, ஏஜென்ட்கூட மல்லுக்கு நிக்காத. நாளைக்கு ரெஃபரன்ஸ் தரமாட்டாங்க. விசா நேரத்துல எதுக்கு வம்பு?" என்றார். ரெஃபரன்ஸ் என்பது புது வீடு எடுக்கும்போது பழைய ஏஜென்ட் நம்மைப் பற்றித் தரும் சான்று. அவர் அக்கறையோடுதான் சொன்னார். இன்னும் இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள். ஊரில் காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள், நாமும் பேசாமல் வந்துவிடுவோம். அந்தப் பழக்கம் கடல் தாண்டியும் நம்மோடு வருகிறது. ஆனால் டெபாசிட் தகராறுக்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீட்டுக்காரர் நம் விசாவைப் பார்ப்பது, இங்கே வாடகைக்கு இருக்க உரிமை உள்ளவர்தானா என்று சோதிப்பதற்காக மட்டும்தான். பயத்தில் எத்தனை குடும்பங்கள் எத்தனை ஆயிரம் பவுண்டை விட்டுக் கொடுத்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ஒரு நைட் ஷிப்ட் இடைவேளையில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படித்தேன். டெபாசிட் எந்தத் திட்டத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்று அதோடு ஒரு தாள் இணைத்திருந்தார்கள். விஷயம் இதுதான். 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி, 2007 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் வீட்டுக்காரர் டெபாசிட்டைத் தன் கையில் சும்மா வைத்துக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் பாதுகாக்க வேண்டும்: டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம். பணம் வாங்கிய 30 நாளுக்குள் இதைச் செய்து, விவரத்தை நமக்கு எழுத்தில் தர வேண்டும். தவறினால் டெபாசிட்டைப் போல ஒன்றிலிருந்து மூன்று மடங்கு வரை நமக்கு இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிடலாம். மூன்று திட்டங்களின் இணையதளத்திலும் உங்கள் டெபாசிட் பதிவாகியிருக்கிறதா என்று தேடலாம், இன்றே தேடுங்கள். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் வேறு திட்டங்கள், ஆனால் ஏற்பாடு ஏறத்தாழ இதுவே.

அந்தத் திட்டத்தின் வழிகாட்டியில் படித்த ஒரு விஷயம்தான் என்னை நிமிர்த்தியது. முடிவாகும்வரை டெபாசிட் குடியிருப்பவரின் பணம். பிடித்தம் செய்ய வேண்டும் என்று கேட்பவர் வீட்டுக்காரர், ஆகவே நிரூபிக்க வேண்டியவரும் அவர்தான். அதுவரை நான் ஏதோ அவர்கள் பணத்தைக் கெஞ்சிக் கேட்பவள் போல மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். அன்றோடு அந்தத் தொனியை விட்டேன்.

அடுத்தது கார்ப்பெட்டின் வயது. முக்கியமான இடம் இது, நிதானமாகப் படியுங்கள். நியாயமாகக் குடியிருப்பதால் வரும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் காசு தர வேண்டியதில்லை. வீட்டை நியாயமாகப் பயன்படுத்துவதாலும் இயற்கையின் போக்காலும் வருவது தேய்மானம் என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையே விளக்கம் தந்திருக்கிறது. நடையில் கார்ப்பெட் தட்டையாவது, சோபா கால் பதிந்த குழி, வாசல் ஓரம் நூல் லேசாகப் பிரிவது, ஜன்னலோரம் வெளுப்பது எல்லாம் இதில் அடங்கும். எத்தனை பேர் இருந்தார்கள், குழந்தை உண்டா, எத்தனை வருடம் இருந்தார்கள் என்பதையும் பார்ப்பார்கள். குழந்தையுள்ள குடும்பத்துக்கு வீடு கொடுத்தால் அதற்கேற்ற தேய்மானத்தை எதிர்பார்த்துத்தான் ஆக வேண்டும். கறை, இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு, நாய் கடித்த ஓரம் போன்றவை சேதக் கணக்கில் வரும்.

சரி, சேதம் என்றே ஆனாலும் புதுக் கார்ப்பெட்டின் முழு விலையைக் கேட்க முடியாது. பழையதுக்குப் பதில் நம் காசில் புதியது வாங்கி வீட்டுக்காரர் லாபம் பார்க்கக் கூடாது என்பது விதி. அதே தரத்தில் புதுக் கார்ப்பெட் 500 பவுண்டு, அதன் ஆயுள் 10 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 50 பவுண்டு. காலி செய்யும்போது அதற்கு இரண்டு வயது என்றால் மிச்சம் எட்டு வருடத்துக்கு 400 கேட்கலாம். எட்டு வயது என்றால் 100தான். பத்து வயதைத் தாண்டியிருந்தால் கேட்க ஒன்றும் இருக்காது. ஆயுள் எவ்வளவு என்று சட்டத்தில் எழுதி வைக்கவில்லை. மலிவான ரகம் சில வருடத்தில் ஓய்ந்துவிடும், கனமான கம்பளி ரகம் அதைவிட நெடுநாள் வரும். அதனால்தான் ரசீதைக் கேட்க வேண்டும்.

நானும் கேட்டேன். கார்ப்பெட் எப்போது போட்டது, என்ன ரகம், ரசீது எங்கே என்று மெயில் அனுப்பினேன். நீங்கள் வரும்போது புதிதாகத்தான் இருந்தது என்று பதில் வந்தது, ரசீது வரவில்லை. நான் குடிவந்தபோது அவர்களே தந்த இன்வென்டரியில், அதாவது வீட்டுப் பொருள்களின் நிலையைக் குறித்த பட்டியலில், ஹால் கார்ப்பெட் பயன்படுத்தியது, நடையில் லேசாகத் தட்டையாகியிருக்கிறது என்று அவர்கள் வார்த்தையிலேயே இருந்தது. அதோடு நிற்காமல் ரைட்மூவ் தளத்தில் விற்ற வீடுகளின் பக்கத்தில் எங்கள் முகவரியைத் தேடினேன். அந்த வீடு 2017இல் கை மாறியிருந்தது, அப்போது விளம்பரத்துக்கு எடுத்த படங்கள் இன்னும் அங்கேயே இருந்தன. அதே பழுப்பு, அதே கோடு, ஜன்னலுக்குக் கீழே மூட்டு விழுந்த அதே இடம். கார்ப்பெட்டுக்குக் குறைந்தது ஏழு வயது என்று அந்தப் படமே காட்டிக் கொடுத்தது. அன்று சந்தோஷத்தில் மகளைத் தூக்கிச் சுற்றினேன். உங்களுக்கும் இந்த வழி உதவலாம். பழைய வாடகை விளம்பரம், விற்பனை விளம்பரம் எது கிடைத்தாலும் தேதியோடு சேமித்து வையுங்கள்.

முதலில் ஏஜென்ட்டிடமே கணக்குப் போட்டு எழுதினேன். கறை எங்களுடையது, ஹால் கார்ப்பெட்டின் மிச்ச ஆயுளுக்குரிய பங்கைத் தருகிறோம், நடைக்குத் தர மாட்டோம் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. நீதிமன்றம் போனால் செலவும் உங்கள் தலையில்தான் விழும் என்று பயமுறுத்தினார்கள். அதன்பிறகு திட்டத்தில் தகராறைப் பதிவு செய்தேன். இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. இரு தரப்பும் சம்மதித்தால் நடுவர் ஒருவர் ஆவணங்களை மட்டும் பார்த்து முடிவு சொல்வார். வீட்டுக்கு யாரும் வந்து பார்க்க மாட்டார்கள், யாரும் கூப்பிட்டு விசாரிக்கவும் மாட்டார்கள். முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். டெபாசிட் பணம் ஏஜென்ட் கையிலேயே இருக்கும் காப்பீட்டு வகை என்றால், காலி செய்த மூன்று மாதத்துக்குள் தகராறைப் பதிவு செய்ய வேண்டும். பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை என்று ஏஜென்ட் இழுத்துக்கொண்டே போனால் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். தகராறில் இல்லாத தொகையை உடனே தரச் சொல்லியும் எழுதலாம். என் 99 பவுண்டு அப்படித்தான் முன்னாலேயே வந்தது.

நடுவருக்கு அனுப்பும் ஆதாரத்தில் ஆத்திரத்தைக் கொட்டாதீர்கள். கறி வாசனை வாக்கியத்துக்குப் பதில் சொல்லி நான் எழுதிய பக்கங்களை ஒரு இரவு முழுக்க யோசித்து எடுத்துவிட்டேன். அவர் பார்ப்பது மூன்றே மூன்றுதான்: வந்தபோது எப்படி இருந்தது, போனபோது எப்படி இருந்தது, கேட்கும் தொகை நியாயமா. ஒவ்வொரு படத்துக்கும் எண் கொடுத்து, எந்த அறை, எந்தத் தேதி என்று எழுதினேன். இன்வென்டரியின் அந்த வரிகள், சாவி கொடுப்பதற்கு முந்தின நாள் அறை அறையாக எடுத்த வீடியோவிலிருந்து படங்கள், சாம்பார் கொட்டிய அன்றைய மெயில், ரக் டாக்டர் வாடகை ரசீது, 2017 விளம்பரப் படங்கள், கடைசியில் ஒரு பக்கக் கணக்கு. அவ்வளவுதான். படம் எடுக்கும்போது கறைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ நாணயத்தையோ வையுங்கள். கறையை நெருக்கத்தில் எடுத்தால் உள்ளங்கை அளவு இருப்பது அறை முழுக்க இருப்பதுபோல் தெரியும். ஏஜென்ட் எடுத்த படங்கள் அப்படித்தான் இருந்தன.

செக்-அவுட் கட்டணம் 120 பவுண்டு பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2019 ஜூன் 1இலிருந்து புதிய ஒப்பந்தங்களில் அப்படி ஒரு கட்டணமே வாங்கக் கூடாது. சுத்தம் செய்யும் கம்பெனியை வைத்துத்தான் வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றும் கட்டாயப்படுத்த முடியாது. வந்தபோது இருந்த அளவு சுத்தத்தோடு திருப்பிக் கொடுத்தால் போதும், அதை நம் கையாலேயே செய்யலாம். ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேனே என்று கவலைப்படாதீர்கள், சட்டத்துக்கு எதிரான நிபந்தனை செல்லாது.

முடிவு வந்தது வேலைக்குக் கிளம்பும் நேரத்தில். பஸ் நிறுத்தத்தில் நின்று படித்தேன். நடைக் கார்ப்பெட்டுக்குக் கேட்ட 440 பவுண்டும் தள்ளுபடி, அது தேய்மானம். ஹால் கார்ப்பெட்டுக்கு அவர்கள் கேட்டது 540. ஆயுள் 10 வருடம் என்று எடுத்துக்கொண்டு, ஏழு வயதைக் கழித்து, மிச்சம் மூன்று வருடத்துக்கு 162 பவுண்டு தரச் சொன்னார் நடுவர். சுத்தம் செய்யக் கேட்ட 185இல் ஓவன் அடுப்புக்கு மட்டும் 35. அதன் ரேக்கின் அடியில் கருகல் இருந்தது அவர்கள் படத்தில் தெளிவாகத் தெரிந்தது, எனக்கும் அதில் மறுப்பில்லை. செக்-அவுட் கட்டணத்துக்கு ஒரு பைசா இல்லை. மொத்தப் பிடித்தம் 197. முன்பே வந்த 99 போக, மீதி 1,088 பவுண்டு என் கணக்குக்கு வந்தது. 162 நியாயமான தொகை என்றே நினைக்கிறேன், முதல் மெயிலிலேயே அதைக் கேட்டிருந்தால் அன்றே சரி என்றிருப்பேன். பணத்தைவிட எனக்கு நிம்மதி தந்தது, கறையின் அளவை ஒரு வெளியாள் பார்த்து, ஒரு இடத்தில் மட்டும் என்று எழுதியதுதான்.

ரெஃபரன்ஸ் பற்றிப் பயந்தார்களே, தகராறு தொடங்குவதற்கு முன்பே புது வீட்டு ஏஜென்ட் அதை வாங்கிவிட்டார். வாடகை ஒழுங்காகக் கட்டினேனா என்பதுதான் அதில் முக்கியக் கேள்வி.

புது வீட்டில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அறை அறையாக வீடியோ எடுத்தேன். கார்ப்பெட்டின் நான்கு ஓரம், கதவடி, அலமாரிக்குள், கட்டில் வரும் இடம் எல்லாம். இன்வென்டரியில் விட்டுப் போனதைக் குறித்து, ஒரு வாரத்துக்குள் கையெழுத்தோடு மெயிலில் திருப்பி அனுப்பினேன். பெரும்பாலும் அதற்கு ஏழு நாள்தான் கெடு கொடுப்பார்கள், அப்படியே விட்டால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். கார்ப்பெட் எந்த வருடம் போட்டது என்ற கேள்வியையும் அப்போதே எழுத்தில் கேட்டு வைத்தேன். குடிவரும்போது கேட்டால் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். 2020 என்று பதில் வந்தது, அந்த மெயிலை ஒரு தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன்.

டெபாசிட்டில் பிடித்தம் செய்வதாக ஒரு மெயில் இந்த வாரம் உங்களுக்கு வந்திருந்தால், கோபத்தில் பதில் எழுதாமல், சரி என்றும் சொல்லாமல், முதலில் மூன்றைக் கேளுங்கள்: கார்ப்பெட் வாங்கிய ரசீது, செக்-இன் செக்-அவுட் அறிக்கைகள், புதுக் கார்ப்பெட்டுக்கான கொட்டேஷன். கறை சிறியது என்றால், அலமாரிக்குள் இருக்கும் துண்டை வெட்டி ஒட்டுப் போட முடியுமா என்று கார்ப்பெட் போடுபவர் ஒருவரிடம் விலை கேட்டு வையுங்கள், முழுசாக மாற்றத் தேவையில்லை என்பதற்கு அது ஆதாரம். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஷெல்டர் என்ற தொண்டு அமைப்புகள் இரண்டிலும் காசு வாங்காமல் ஆலோசனை சொல்கிறார்கள், ஷெல்டரின் தளத்தில் டெபாசிட் கேட்டு எழுத மாதிரிக் கடிதமும் இருக்கிறது.